தாலி பெருகிய ஞாயிற்றுக்கிழமை

என் சித்தப்பாவின் தேனிலவுக்கு நாங்கள் நான்கு பேர் போனோம். சித்தப்பா, சித்தி, அத்தை, நான். இதைச் சொன்னால் என் தோழிகள் நம்புவதில்லை. ஆனால் அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் அது வினோதமாகப் படவில்லை. காரில் இடம் இருந்தது, அத்தைக்கு நேரம் இருந்தது, எனக்குப் பள்ளி விடுமுறை. அப்புறம் என்ன, ஏறி உட்கார வேண்டியதுதானே!

அப்பா வரவில்லை. அப்போதெல்லாம் மலேசியாவில் எங்கள் ஜொகூர் மாநிலத்தில் வெள்ளி, சனிதான் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். அம்மா வயிற்றில் தம்பியைச் சுமந்துகொண்டிருந்தார். காரில் ஏறினாலே குமட்டியது. ஆகவே சித்தப்பாவின் அக்காவான அத்தை, "புது இடம், அந்தப் புள்ளைக்கு என்னா தெரியும், நான் தொணைக்கு வர்றேன்லா" என்று தூக்குச் சட்டி நிறையப் புளிச்சோறும் ஒரு டப்பா நெத்திலிச் சம்பலும் எடுத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். புதுப்பெண்ணும் நானும் பின்னால். சித்தப்பா கண்ணாடி வழியாகப் பின்னால் பார்க்கும்போதெல்லாம் அத்தை, "ரோட்டைப் பாத்து ஓட்டுடா" என்றார்.

சித்தப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. வாரமெல்லாம் நண்பர்களோடு அங்கே ஓர் அறையில் தங்கிவிட்டுச் சனிக்கிழமை எங்கள் சிகாமட் வீட்டுக்கு வருவார். மறுநாள் சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். தேனிலவுக்காக மட்டும் திங்கட்கிழமை லீவு போட்டிருந்தார். சித்தி புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர். பெரியவர்கள் பார்த்துச் செய்த கல்யாணம், அங்கேயே நடந்தது. எனக்கு அம்மை போட்டிருந்ததால் நானும் அம்மாவும் போகவில்லை. சித்தி எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் வாரத்தில் ஒரு நாள்தான் அவர்கள் இருவரும் புருஷன் பெண்டாட்டி. அந்த ஒரு நாளிலும் சித்தப்பா சித்தியை வா என்றும் சொல்லமாட்டார், பெயர் சொல்லியும் கூப்பிடமாட்டார். தொண்டையைச் செருமுவார். சித்தி "என்னங்க" என்பார். அதற்கும் அவர் செருமுவார். பாவம், இந்த மனிதருக்குத் தீராத சளி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தியோடு அதிகம் பேசியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருவர் அவருடைய அம்மா. எங்கள் வீட்டில் விளக்கு வைத்ததும் சித்தியின் போன் அடிக்கும். வீடியோவில் அவர் அம்மா வருவார். அங்கே நேரம் எங்களுக்கு இரண்டரை மணி பின்னால், அப்போது வெயில் சுள்ளென்று இருக்கும். அந்த அம்மா மகளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கழுத்தைத்தான் பார்ப்பார். "போனைக் கொஞ்சம் கீழ எறக்குடி" என்பார். மஞ்சள் கயிறும் தாலியும் கண்ணில் பட்ட பிறகுதான் மற்றப் பேச்சு. என்ன குழம்பு, யார் வைத்தது, மாப்பிள்ளை பேசினாரா, நாத்தனார் ஏதாவது சொன்னாரா, கறுத்துப் போய்விட்டாயே, இளைத்துப் போய்விட்டாயே. தினமும் இதே கேள்விகள், இதே வரிசை. சித்தி ஒரே மகள். ஒற்றைப் பிள்ளையைக் கடல் கடந்து கொடுத்துவிட்டாயே, அங்கே என்ன பாடு படுகிறதோ என்று ஊரில் இருப்பவர்கள் அந்த அம்மாவின் காதில் ஓதிக்கொண்டே இருந்தார்களாம். சித்தி எனக்குத் தலை பின்னிக்கொண்டே இதையெல்லாம் சொல்வார்.

மெர்சிங்கைத் தாண்டி, சவுக்கு மரங்கள் நின்ற ஒரு கடற்கரையில் சித்தப்பா காரை நிறுத்தினார். அத்தை மர நிழலில் பாயை விரித்துத் தூக்குச் சட்டியைத் திறந்தார். சாப்பிட்டு முடித்ததும் நான் சித்தியின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் ஊரில் பெண்பிள்ளைகள் கடலைக் கரையில் நின்று பார்ப்பதோடு சரி. முதலில் பாதம், பிறகு முழங்கால், பிறகு சுடிதாரோடு இடுப்பு வரைக்கும் வந்துவிட்டார். எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி, சித்தப்பா யாரும் கேட்காமலே விதவிதமாக நீந்திக் காட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று அவருக்கு என்ன தைரியம் வந்ததோ, கிட்டே வந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிச் சித்தியின் முகத்தில் அடித்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். சித்தி திருப்பி அடித்தார் பாருங்கள், அப்பப்பா! ஒரு வாரத்துப் பேச்சையெல்லாம் தண்ணீரிலேயே தீர்த்துக்கொள்வதுபோல் இரண்டு பேரும் மாறி மாறி அடித்துக்கொண்டார்கள். சித்தி அப்படிச் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை. அப்போது ஒரு பெரிய அலை வந்து மூன்று பேரையும் உருட்டிப் போட்டது.

எழுந்து நின்றபோது சித்தியின் இரண்டு கைகளும் கழுத்தில் இருந்தன. சிரிப்பு நின்றுவிட்டது. கரைக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணி," என்றார் அத்தையிடம். "அண்ணி, பெருகிடுச்சு."

அத்தை துள்ளி எழுந்ததில் சம்பல் டப்பா மணலில் கவிழ்ந்தது. "பெருகிடுச்சா? ஐயோ, எங்க?"

"தண்ணியில."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மக்கள்தொகை பெருகும், ஆற்றில் வெள்ளம் பெருகும் என்று பள்ளியில் படித்திருந்தேன். இங்கே பெருகியது தாலி என்று இவர்கள் பேச்சிலிருந்து தெரிந்தது. ஒரு தாலி கடலுக்குள் போய்ப் பல தாலிகளாகியிருக்கிறது. எல்லாம் தங்கம். இதற்கு எதற்காக அழுகிறார்கள்? எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். தாலிக் கயிறு அறுந்துவிட்டது என்று வாயால் சொல்லவே கூடாது, பெருகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும் என்பதை என்னிடம் அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

அத்தை சித்தியின் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டைப் போர்த்திவிட்டார். சித்தப்பா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். "முடிச்சு அவுந்திருக்கும்" என்றார்.

"யாரு முடிச்சு?" என்று அத்தை பிடித்துக்கொண்டார். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போடுவார். மற்ற இரண்டையும் அவருடைய சகோதரி போடுவார். "மொத முடிச்சு நீ போட்டது. அப்பவே ஒன் கை வெடவெடன்னு ஆடுச்சு, ஊரே பாத்துச்சு. நான் போட்ட ரெண்டும் யானையைக் கட்டி இழுத்தாலும் வராது, தெரியும்ல?"

"அண்ணி, யாரு முடிச்சா இருந்தா என்ன," என்று சித்தி விசும்பினார். "சாயங்காலம் எங்கம்மா கூப்பிடுவாங்க. போனை எறக்குன்னு சொல்வாங்க. நான் என்னத்தைக் காட்டுவேன்? அங்கயே விழுந்துருவாங்க."

பெருகியதோ குறைந்ததோ, விளக்கு வைப்பதற்குள் அது சித்தியின் கழுத்துக்கு வந்தாக வேண்டும்.

முதலில் நாங்களே தேடினோம். காலால் துழாவினோம், கையால் அளைந்தோம். தண்ணீர் கலங்கியதுதான் மிச்சம். வாழைப்பழம் பொரித்து விற்றுக்கொண்டிருந்த மலாய்க்காரர் எங்களைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், ஒரு மக்சிக் இருக்கிறார், உலோகம் கண்டுபிடிக்கிற மிஷின் வைத்திருக்கிறார், மோதிரம் கீதிரம் தொலைத்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுப்பார் என்று சொல்லி நம்பரும் கொடுத்தார். வயதில் மூத்த பெண்களை மலாயில் மக்சிக் என்போம், நம் அத்தை மாதிரி. சித்தப்பா உடனே கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

சித்தப்பா மலாயில் மன்னன். பள்ளியில் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவர். ஆனால் பதற்றத்தில் மனிதனுக்கு எது எந்த மொழி என்று தெரிவதில்லை. "இஸ்திரி சாயா பூஞா தாலி ஹிலாங்" என்றார். என் மனைவியின் தாலி காணாமல் போய்விட்டது என்று சொல்வதாக அவர் நினைப்பு. மலாயில் தாலி என்றால் கயிறு.

"கயிறா?" என்றது அந்தப் பக்கத்துக் குரல். "என்ன கயிறு? படகுக் கயிறா?"

"இல்லை, இல்லை," என்று சித்தப்பா பதறினார். "கழுத்தில் கட்டுவது. தாலி லெஹெர்!"

லெஹெர் என்றால் கழுத்துதான். ஆனால் இரண்டையும் சேர்த்துத் தாலி லெஹெர் என்று சொன்னால், எங்கள் பள்ளி மாணவர் தலைவர்கள் கட்டிக்கொண்டு திரிகிற டை. வார்த்தை வாயை விட்டுப் போனதும் சித்தப்பாவுக்கே உறைத்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அந்தக் குரல், உன் மனைவி டை கட்டிக்கொண்டா கடலில் குளிக்கிறாள் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டது.

நான் பொறுக்க முடியாமல் போனைப் பிடுங்கினேன். நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று எனக்குத் தோன்றியது. "மக்சிக், அது கடலுக்குள் போய் நிறைய ஆகிவிட்டதாம்," என்று மலாயில் தெளிவாகச் சொன்னேன். "சித்தி அழுகிறார். சீக்கிரம் வாருங்கள்."

"அலமாக்!" என்று, நம் ஐயையோ மாதிரி, கத்திவிட்டு மக்சிக் போனை வைத்துவிட்டார்.

பொரித்த வாழைப்பழம் ஆறுவதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் மணலில் சறுக்கிக்கொண்டு வந்து நின்றது. ஓட்டி வந்தவர் மக்சிக். தலையில் பூப்போட்ட துடோங் துணி, காலில் ரப்பர் பூட்ஸ், முதுகில் நீளமான பை. பின்னால் உட்கார்ந்திருந்தவர் அவருடைய கணவர். வண்டி நிற்பதற்கு முன்பே அவர் குதித்து, தோளில் ஒரு மஞ்சள் நைலான் கயிற்றுச் சுருளோடு கடலைப் பார்த்து ஓடினார். முழங்கால் தண்ணீரில் நின்று இங்கும் அங்கும் பார்த்தார். "யாரு? எங்கே? ஆளைக் காணோமே!" என்று எங்களைப் பார்த்துக் கத்தினார். கயிறு, கழுத்து, கடல், அழுகை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, யாரோ கழுத்தளவு தண்ணீரில் மாட்டிக்கொண்டார்கள், அதுவும் நிறையப் பேர் என்று அவர் முடிவு செய்திருந்தார். மக்சிக் அதை நம்பவில்லையாம். டை கட்டிக் குளிக்கிற பெண்ணைப் பார்க்கத்தான் வந்தேன் என்று பிறகு அவரே சொல்லிச் சிரித்தார்.

அத்தைதான் வேலையை முடித்தார். பேச்சில்லை, விளக்கமில்லை. தன் கழுத்துச் சங்கிலியை ரவிக்கைக்குள்ளிருந்து வெளியே இழுத்து, தன் தாலியை மக்சிக்கின் கண்ணுக்கு நேரே பிடித்தார். பிறகு சித்தியின் கழுத்துத் துண்டை விலக்கிக் காட்டினார். மக்சிக்குக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. சித்தியின் கன்னத்தைத் துடைத்து, அழாதே, அழுதால் கடலில் தண்ணீர் கூடிவிடும், எனக்குத்தான் கஷ்டம் என்றார்.

அவரைப்போல் ஒரு பெருமைக்காரியை நான் பார்த்ததில்லை. மிஷினைப் பூட்டிக்கொண்டே தான் மீட்டுக் கொடுத்த சாமான்களின் புகழையெல்லாம் பாடினார். மோதிரங்கள், கார் சாவி, ஒருவருடைய கம்பி வைத்த பல்செட்டு. பல்செட்டைக் கடலில் தொலைக்கும் அளவுக்கு அந்த மனிதர் என்ன சிரித்தாரோ என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, மக்சிக் சித்தப்பாவையும் சித்தியையும் கூப்பிட்டார். எந்த இடத்தில் விழுந்தது, இருவரும் அந்த இடத்தில் போய் நில்லுங்கள் என்றார்.

சித்தி ஓர் இடத்தைக் காட்டினார். சித்தப்பா வேறோர் இடத்தைக் காட்டினார். அது சரிப்படாது, அப்போது எப்படி நின்றீர்கள், அப்படியே நின்று காட்டுங்கள் என்று மக்சிக் அதட்டினார். இரண்டு பேரும் ஒரு லாரி நடுவில் போகிற அளவுக்கு இடம் விட்டு நின்றார்கள். "இவ்வளவு தூரத்திலா?" "இல்லை, இன்னும் கொஞ்சம் கிட்ட." "எவ்வளவு கிட்ட?" "கொஞ்சம்." "சரியாகச் சொல்லு தம்பி, உன் கை எங்கே இருந்தது?" சித்தப்பா கையைத் தூக்கித் தண்ணீர் அடிப்பதுபோல் காட்டினார். அத்தை திடீரென்று அடிவானத்தில் ஏதோ கப்பலைப் பார்க்க ஆரம்பித்தார். அங்கே கப்பல் எதுவும் இல்லை. "இன்னும் கிட்டதான் நின்னாங்க, நான் பாத்தேன்" என்று நான் கரையிலிருந்து கத்தினேன். சித்தி முகத்தை மூடிக்கொண்டார். விரலிடுக்கில் அவர் சிரிப்பது தெரிந்தது. அழுகையும் இன்னும் முழுசாக நிற்கவில்லை.

அந்த இடத்தை நடுவாக வைத்து, மக்சிக்கின் கணவர் மஞ்சள் கயிற்றைக் கரையிலிருந்து கடலுக்குள் நேராக இழுத்து இரண்டு குச்சிகளில் கட்டினார். மக்சிக் கயிற்றை ஒட்டியே மிஷினை வீசி வீசி நடந்து போவார், திரும்பி வருவார், கயிற்றைக் கொஞ்சம் நகர்த்திக் கட்டுவார்கள், மறுபடியும் நடப்பார். ஒரு சாண் இடம்கூடத் தப்பக்கூடாது என்பதற்காக அப்படி. அவர் நின்று காலால் தட்டிக் காட்டுகிற இடத்தில் கணவர் ஓட்டை போட்ட இரும்பு அகப்பையால் மணலை அள்ளி அலசுவார். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம்.

முதலில் வந்தது பாட்டில் மூடி. அடுத்தது தூண்டில் ஈயக்குண்டு. அதற்கடுத்து ஒரு தேக்கரண்டி. மிஷின் கத்தும்போதெல்லாம் அத்தை, "முருகா!" என்று கும்பிட்டார். டின் பானத்தின் வளையங்களாகவே வந்துகொண்டிருந்தன. அவற்றை ஏன் தோண்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று சித்தப்பா கேட்டார். தங்கமும் இந்த வளையமும் மிஷினுக்கு ஏறக்குறைய ஒரே சத்தம், குப்பை என்று ஒன்றை விட்டால் அதுதான் உன் தாலியாக இருக்கும் என்றார் மக்சிக். இப்போது அவர் அந்தச் சொல்லை நம்மைப்போலவே சொன்னார்.

ஒரு கட்டத்தில் மிஷின் விடாமல் அலறியது. மக்சிக் நின்றார், நகர்ந்தார், திரும்பினார், எங்கே போனாலும் அலறல். கணவர் மூன்று குழி தோண்டிவிட்டார். பார்த்தால், அத்தை ஆவலில் குனிந்து குனிந்து, தண்ணீருக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு மிஷினுக்குப் பக்கத்திலேயே வந்துகொண்டிருக்கிறார். கை நிறைய வளையல்கள். மக்சிக் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, நகைக்கடை அம்மா, நீங்கள் கரைக்குப் போங்கள் என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் அத்தை ஒரு வாரம் பேசியிருக்கமாட்டார். அன்று சொன்னபடியே வந்து என் பக்கத்தில் நின்றார். ஈரப் புடவை காலில் ஒட்டியிருக்க, தலையெல்லாம் மணலாக, அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

வெயில் சவுக்கு மரங்களுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. வடிந்து முழங்காலுக்கு வந்திருந்த கடல் மறுபடி ஏறி மக்சிக்கின் தொடையைத் தொட்டது. "டேய், தண்ணி பெருகுது, சீக்கிரம் பாருங்கடா!" என்று அத்தை கத்தினார்.

"இப்ப அதுவும் பெருகிருச்சா?" என்று கேட்டேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அப்போது என் கையிலிருந்த போன் அடித்தது. சித்தியின் போன். எல்லோரும் தண்ணீரில் இருந்ததால் போன்களைக் காக்கும் பொறுப்பு என்னுடையது. திரையில் சித்தியின் அம்மா. "எடுக்காத!" என்றார் அத்தை. அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஓய்ந்தது. மூன்றாவது தடவை அடித்தபோது தண்ணீரில் நின்ற சித்தி அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் போன போக்கு எனக்குத் தாங்கவில்லை. எடுக்காவிட்டால் அந்த அம்மா அங்கே ஊரைக் கூட்டிவிடுவார் என்று சித்தி சொல்லியிருக்கிறார். எடுத்துவிட்டேன்.

"யாரு, பாப்பாவா? சித்தி எங்க?"

பொய் சொல்லக் கூடாது. "சித்தி கடல்ல இருக்காங்க."

"கடல்லயா! கடல்ல எதுக்கு? ஏய், என்ன ஆச்சு எம் புள்ளைக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் கடலிலிருந்து ஒரு கூச்சல். மக்சிக்கின் கணவர் அகப்பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடுகிறார். மக்சிக் மிஷினோடு ஆடுகிறார். சித்தப்பா தண்ணீரை வாரி வாரி வானத்தில் அடிக்கிறார். சித்தி இரண்டு கைகளையும் ஏந்தி எதையோ வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். அத்தை என் பக்கத்திலிருந்து ஓடிய வேகத்தில் என்மேல் மணல் வாரிக் கொட்டியது.

"கிடைச்சிருச்சு! கிடைச்சிருச்சு!" என்று நானும் குதித்தேன். போனும் என்னோடு குதித்தது.

"என்ன கிடைச்சுது? பாப்பா, போனைத் திருப்பு. எனக்கு வானம்தான் தெரியுது."

திருப்பினேன்.

அந்த அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். அத்தை சித்தியின் கையிலிருந்து தாலியை வாங்கி, அதில் தொங்கிய நைந்த கயிற்றை வெளிச்சத்தில் பிடித்து முடிச்சை ஆராய்ந்தார். "பாத்தியாடா! ரெண்டு முடிச்சும் அப்படியே இருக்கு. கயிறுதான் நைஞ்சு போயிருக்கு." பிறகு கொஞ்சம் ஏமாற்றத்தோடு, "ஒன் முடிச்சும் நல்லாத்தான் இருக்கு" என்றார். பழைய கயிறு இனி உதவாது. கடற்கரையில் மஞ்சள் கயிற்றுக்கு எங்கே போவது? மக்சிக்கின் கணவர் தன் நைலான் கயிற்றின் முனையைக் கத்தியால் வெட்டி, அதிலிருந்து ஒரு புரியை உருவி நீட்டினார். மஞ்சளாகத்தானே இருக்கிறது என்று அத்தை தீர்ப்புச் சொன்னார். அது போதாதென்று பழம் பொரிப்பவரிடம் மீனுக்குத் தடவ வைத்திருந்த மஞ்சள் கிழங்கை வாங்கி அதன்மேல் தேய்த்தார். தாலியைக் கோத்தார்.

"கிட்டப் போ பாப்பா" என்றது போன். கிட்டே போனேன்.

சித்தி கிழக்கே பார்த்து, ஈரம் சொட்டச் சொட்ட மணலில் உட்கார்ந்தார். சித்தப்பா பின்னால் மண்டியிட்டார். தொண்டையைச் செருமவில்லை. பெயரைச் சொல்லி, "கொஞ்சம் குனிஞ்சுக்க" என்றார். சித்தியின் ஈரத் தலைமுடியை ஒதுக்கித் தோளுக்கு முன்னால் விட்டார். முதல் முடிச்சைப் போட்டார். கை ஆடவில்லை. அத்தை தன் முறைக்காக முன்னால் வந்தவர், அப்படியே நின்றுவிட்டார். "என் முடிச்சு நிக்கும்னு எல்லாரும்தான் பாத்தாச்சே," என்றார். "மிச்சத்தையும் நீயே போடுடா."

சித்தப்பா போட்டார். நைலான் வழுக்கியதால் நிதானமாகப் போட்டார். "இறுக்குதா?" என்று கேட்டார். "இல்லைங்க" என்றார் சித்தி. கழுத்தில் ஒட்டியிருந்த மணலைச் சித்தப்பா ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். அத்தனை மணல் அங்கே இல்லை. மக்சிக் மூக்கை உறிஞ்சினார். பழம் பொரிப்பவர் கை தட்டினார். அத்தை தன் ஈர முந்தானையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு, தூக்குச் சட்டியோடு மிச்சப் புளிச்சோற்றை மக்சிக்கின் கையில் திணித்தார்.

அந்த அம்மா என்ன சொல்லப்போகிறாரோ என்று எனக்குத் திக்திக் என்று இருந்தது. படகுக் கயிற்றில் தாலி. மேளமில்லை, ஐயரில்லை. சுற்றிலும் மீன் மஞ்சளும் ரப்பர் பூட்ஸும். போனில் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"கல்யாணத்தன்னைக்கு வீடியோக்காரன் முதுகைத்தான் பாத்தேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு, "சரி பாப்பா, வச்சிரு" என்றார்.

"சித்திகிட்ட பேசலையா?"

"வேணாம், இருக்கட்டும். வச்சிரு."

மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. போனை இறக்கு, கழுத்தைக் காட்டு என்று கேட்கவில்லை. குழம்பைப் பற்றிக் கேட்கவில்லை. கோபமேதான் என்று நான் தீர்மானித்துவிட்டேன். திரும்பி வரும்போது அத்தை தானாகவே பின் இருக்கைக்கு வந்து என் மடியில் தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டார். முன்னால் அவர்கள் இருவரும் சிகாமட் வரைக்கும் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்கு மட்டும் அந்தக் கவலை.

மறுநாள் விளக்கு வைத்தோம். போன் அடிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் அடிக்கவில்லை. நான் போனைக் கையில் எடுத்து சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. அந்த வாரம் முழுவதும் சாயங்காலங்களில் போன் மேசைமேல் சும்மாவே கிடந்தது. சித்தியோ ஒன்றும் நடக்காததுபோல் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. பெற்ற அம்மா பேசாமல் இருக்கிறார், இவருக்கு என்ன பாட்டு வேண்டிக்கிடக்கிறது?

கடைசியில் கேட்டேவிட்டேன். "சித்தி, உங்கம்மாவுக்கு எங்கமேல கோபமா? அந்த நைலான் கயித்தப் பாத்துட்டதுனாலயா?"

சித்தி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். அவர் மேலெல்லாம் கடுகு வாசனை.

"கோபமெல்லாம் இல்லடா தங்கம். காலையில நான்தான் கூப்பிட்டேன். எனக்குக் கல்யாணம் ஆனதுலேருந்து இப்பத்தான் எங்கம்மா நல்லாத் தூங்குறாங்களாம்."

எனக்கு அது கொஞ்சமும் ஒட்டவில்லை. நாங்கள் விளக்கு வைக்கும்போது அங்கே வெயில்கூட இறங்கியிருக்காது என்று சித்தியே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! அந்த நேரத்தில் போய் யாராவது தூங்குவார்களா? சித்தி என் மனசு நோகக்கூடாது என்று ஏதோ சமாளிக்கிறார் என்று முடிவுகட்டினேன். நட்டநடு வெயிலில் ஒரு மனுஷி தினமும் எப்படி அப்படி நிம்மதியாகத் தூங்க முடியும் என்று அந்த விடுமுறை முடிகிற வரைக்கும் யோசித்துப் பார்த்தேன். எனக்கு விளங்கவேயில்லை.